பார்க்கின்சன் வருமா, வராதா: முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுக்குவாதம் என்று நம் ஊர்களில் சொல்லும் பார்க்கின்சன் நோயை, கை நடுங்கத் தொடங்கும் முன்பே கண்டுபிடிக்க முடியும் என்ற செய்திகள் சில ஆண்டுகளாக அடிக்கடி வருகின்றன. "அப்பாவுக்கு இருந்தது, நானும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிசோதனைகள் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய உதவி. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் இன்றைக்குக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. காரணங்கள் கீழே.

கை நடுங்கும் முன்பே நோய் தொடங்கிவிடுகிறதா?

ஆமாம், பல வருடங்கள் முன்பே. மூளையின் நடுப்பகுதியில் கருமையாகத் தெரியும் சின்ன இடம் ஒன்று உண்டு. டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் அங்கேதான் இருக்கின்றன. நடையும் கையசைவும் தடங்கலின்றி நடக்க டோபமைன் வேண்டும். இந்த செல்களின் நுனிகள் பாதிக்கு மேல் அழிந்த பிறகுதான் நடுக்கமும் இறுக்கமும் மந்தமும் வெளியே தெரிகின்றன. டாக்டர் நோய்க்குப் பெயர் சொல்லும் நாளில், அது உள்ளே பத்து வருடமாவது இருந்திருக்கும்.

அந்த செல்களுக்குள் சேரும் உருண்டைகளுக்கு லூயி உருண்டைகள் என்று பெயர். அவை ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதத்தால் ஆனவை என்று 1997-இல் தெரிந்தது. இந்தப் புரதம் எல்லோர் மூளையிலும் இருக்கிறது. அது தவறாக மடிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாவதுதான் பிரச்சினை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹைகோ பிராக் 2003-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இந்தப் புரதக் கோளாறு மூக்கின் வாசனை நரம்பிலும், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் நரம்பின் வேரிலும் தொடங்கி, பிறகு மேலே ஏறுகிறது என்று. எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. ஆனால் வாசனை தெரியாமல் போவதும் தீராத மலச்சிக்கலும் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வருவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம் தருகிறது.

பயோமார்க்கர் என்றால் என்ன?

உடம்புக்குள் நடப்பதை அளந்து காட்டும் எதுவும் பயோமார்க்கர்தான். சர்க்கரை நோய்க்கு நாம் பார்க்கும் மூன்று மாத சராசரி அளவும் ஒரு பயோமார்க்கரே. பார்க்கின்சனுக்கு அப்படி ஒன்று இத்தனை காலம் இல்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை விவரித்தபோது நோயாளியின் நடையையும் நடுக்கத்தையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார். நியூரோ டாக்டர்கள் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள். அனுபவமுள்ள டாக்டரின் கண் இதில் மோசமான கருவி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'வர வாய்ப்புள்ளவர்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

முக்கியமாக மூன்று வகையினர். கனவில் நடப்பதைத் தூக்கத்திலேயே உடம்பால் நடிப்பவர்கள் முதல் வகை. இந்தக் கோளாறைச் சுருக்கமாக ஆர்.பி.டி. என்கிறார்கள். காரணம் தெரியாமல் வாசனை உணர்வை இழந்தவர்கள் இரண்டாவது வகை. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்கள் மூன்றாவது. மலச்சிக்கல், மன அழுத்தம், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, வயல்களில் பூச்சிக்கொல்லியோடு நெடுநாள் வேலை செய்தது போன்றவையும் கணக்கில் வரும். ஆனால் தனித்தனியாக அவற்றின் எடை குறைவு. மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் பார்க்கின்சன் வருவதாக இருந்தால் நாட்டில் பாதிப் பேருக்கு வந்திருக்கும்.

அப்பாவுக்கு இருந்தால் எனக்கும் வந்துவிடுமா?

வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான பார்க்கின்சன் ஒற்றை மரபணுவால் வருவதில்லை. அப்பா அறுபத்தைந்து வயதுக்கு மேல் நோய் கண்டவர், வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்றால், உங்கள் நிலைமை பக்கத்து வீட்டுக்காரரின் நிலைமையிலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை. நாற்பது வயதுக்குள் வந்தது, அண்ணன் தம்பிகளில் இரண்டு மூன்று பேருக்கு வந்தது என்றால் கதை வேறு. அதைக் கீழே மரபணுக் கேள்வியில் பார்க்கலாம்.

தூக்கத்தில் கத்துவது, உதைப்பது எல்லாமே ஆர்.பி.டி.யா?

இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் மிக வலுவான எச்சரிக்கை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்க வேண்டும். மூளைத்தண்டில் அதற்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. ஆர்.பி.டி. உள்ளவர்களுக்கு அந்தப் பூட்டு வேலை செய்வதில்லை. யாரோ துரத்துவதாகக் கனவு வந்தால் நிஜமாகவே குத்துவார், எட்டி உதைப்பார், கட்டிலிலிருந்து விழுவார். எழுப்பினால் உடனே தெளிவாகி, கனவைச் சொல்வார். பெரும்பாலும் பின்னிரவில் நடக்கும். பக்கத்தில் படுப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அடி வாங்குவதும் அவர்தான்.

இதை ஒரு தனி நோயாக 1986-இல் அடையாளம் காட்டியவர்கள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து டாக்டர்களான கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் குழுவினர். தாங்கள் கவனித்து வந்த 29 ஆண்களில் 38 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்துவிட்டது என்று 1996-இல் அதே குழு எழுதியது. பிற்பாடு அந்த எண்ணிக்கை இன்னும் ஏறியது. 2019-இல் 24 மையங்களைச் சேர்ந்த 1,280 ஆர்.பி.டி. நோயாளிகளின் தரவைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் பேர் என்ற வேகத்தில், 12 ஆண்டுகளில் ஏறக்குறைய 73 சதவீதம் பேர் பார்க்கின்சன், லூயி உருண்டை மறதிநோய், அரிதாக எம்.எஸ்.ஏ. என்ற, பார்க்கின்சன் போலவே தெரியும் இன்னொரு மூளை நோய் ஆகியவற்றில் ஒன்றுக்குப் போயிருந்தார்கள்.

பயமுறுத்தும் எண் இது. ஆகவே 'ஆர்.பி.டி.' என்ற பெயரை யாருக்கும் அவசரப்பட்டு ஒட்டக் கூடாது. குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்கள் திமிறி எழுவது இதைப் போலவே தெரியும். சில மன அழுத்த மாத்திரைகளாலும் இது வரும். இளம் வயதில் தூக்கத்தில் பேசுவது, நடப்பது எல்லாம் வேறு ரகம். ஒரு இரவு முழுக்கத் தூக்க ஆய்வகத்தில் மூளை அலையும் தசை அசைவும் பதிவு செய்து பார்த்த பிறகுதான் உறுதி சொல்ல வேண்டும்.

வாசனை தெரியவில்லை. பயப்பட வேண்டுமா?

கொரோனா வந்துபோனவர், சைனஸ் தொல்லை உள்ளவர், தலையில் அடிபட்டவர் என்றால் முதலில் அந்தக் காரணங்களைப் பாருங்கள். வயதானாலும் மோப்பம் மங்கும். வாசனை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெல்ல மெல்லக் குறையும் மோப்பத்தைப் பலர் உணர்வதே இல்லை. அடுப்பில் பால் பொங்கிக் கருகுவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து தமக்கு மட்டும் தெரியாதபோதுதான் சந்தேகம் வரும். அதனால் சுரண்டி முகரும் அட்டைகளை வைத்துச் சோதிக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி உருவாக்கிய 40 வாசனைத் தேர்வு இதில் புகழ்பெற்றது. ஆனால் அதில் பூசணிப் பை, ரூட் பியர் போன்ற அமெரிக்க வாசனைகளும் உண்டு. மன்னார்குடியில் ஒருவர் அவற்றைத் தவறவிட்டால் குறை அவர் மூக்கில் இல்லை. நமக்குப் பழகிய வாசனைகளை வைத்துச் செய்த தேர்வுதான் நமக்குப் பொருந்தும்.

எல்லோரும் பேசும் எஸ்.ஏ.ஏ. பரிசோதனை என்ன செய்கிறது?

இதுதான் இந்தத் துறையின் பெரிய பாய்ச்சல். முதுகெலும்புக்கு நடுவே ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் கொஞ்சம் எடுக்கிறார்கள். ஆய்வகத்தில், சரியாக மடிந்த ஆல்ஃபா சைநியூக்ளினோடு அதைக் கலந்து குலுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எடுத்த நீரில் தவறாக மடிந்த புரதம் துளி இருந்தாலும், பாலில் விழுந்த உறைமோர் மாதிரி, மற்றவற்றையும் தன்னைப் போலவே மாற்றிவிடும். அப்படிக் கட்டியாகும் புரதத்தோடு ஒட்டி ஒளிரும் ஒரு சாயத்தைச் சேர்த்திருப்பார்கள். ஒளி கூடினால் பாசிட்டிவ். இந்த உத்தி, மூளையைச் சல்லடையாக்கும் பிரியான் நோய்களைக் கண்டுபிடிக்கும் முறையிலிருந்து வந்தது.

மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய பி.பி.எம்.ஐ. என்ற பன்னாட்டு ஆய்வு, 1,123 பேரிடம் இந்தப் பரிசோதனையைச் செய்து 2023-இல் முடிவை வெளியிட்டது. பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ். நோய் இல்லாதவர்களில் சுமார் 96 சதவீதம் பேருக்கு நெகட்டிவ். நமக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான். ஆர்.பி.டி. அல்லது வாசனை இழப்பு மட்டும் இருந்து, நடுக்கமே இல்லாதவர்கள் 51 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 44 பேருக்குப் பாசிட்டிவ். வெளியே ஒன்றும் தெரியாத நிலையிலேயே, நோயின் வேர்ப் புரதத்தைப் பிடிக்க முடிகிறது என்பதற்கு இது சான்று.

அப்படியானால் பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் நிச்சயம்தானே?

அங்கேதான் அவசரப்படக் கூடாது. 'தவறாக மடிந்த புரதம் இருக்கிறது' என்பது மட்டும்தான் அந்த முடிவின் பொருள். எவ்வளவு இருக்கிறது, எத்தனை வருடத்தில் தொந்தரவு தொடங்கும் என்பதை இது சொல்வதில்லை. வரப்போவது பார்க்கின்சனா, லூயி உருண்டை மறதிநோயா என்றும் பிரித்துச் சொல்வதில்லை. அறுபது வயதுக்கு மேல் வேறு காரணங்களால் இறந்தவர்களின் மூளையைப் பிரித்துப் பார்த்தால், பத்தில் ஒருவரிடம் லூயி உருண்டைகள் கிடைக்கின்றன. அவர்கள் நடுக்கம் எதுவும் இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள். இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ. அவர்கள் வாழ்வில் அது ஒரு நோயாக இருக்கவில்லை.

அறிகுறியே இல்லாத ஒருவரை, புரதம் பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் நோயாளி என்று அழைக்கலாமா? 2024-இல் இரண்டு நிபுணர் குழுக்கள், அறிகுறியை விட்டுவிட்டு உயிரியல் அடிப்படையில் இந்த நோயை வரையறுக்கவும் நிலை பிரிக்கவும் யோசனை சொன்னார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அது மெதுவாகக் கிளினிக்குக்குள் நுழைந்துவிடும் என்ற கவலை பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு.

நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

முழு நிம்மதி இல்லை. எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணு மாற்றத்தால் பார்க்கின்சன் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தப் பரிசோதனை நெகட்டிவாகவே இருந்தது. அவர்களிலும் வாசனை உணர்வு நன்றாக இருப்பவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு நெகட்டிவ். லூயி உருண்டைகளே இல்லாமலும் இந்த நோய் வரும் வழி ஒன்று இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. அப்புறம், இன்றைய நெகட்டிவ் இன்றைக்கு மட்டும்தான் செல்லும்.

இவ்வளவு துல்லியம் என்றால் அறுபது வயதான எல்லோருக்கும் செய்துவிடலாமே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. நோய் உள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கும், இல்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும் பரிசோதனை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். சாதாரணமாக ஆயிரம் முதியவர்களை எடுத்தால், அவர்களில் பத்துப் பேருக்கு நோய் உள்ளே இருக்கலாம். பரிசோதனை ஒன்பது பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 5 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஐம்பது பேருக்கு வீணாகப் பாசிட்டிவ் என்று வரும். பாசிட்டிவ் சீட்டோடு வெளியே வரும் 59 பேரில் ஐம்பது பேருக்கு நோயே இல்லை!

இதே பரிசோதனையை, உறுதி செய்யப்பட்ட ஆர்.பி.டி. உள்ள ஆயிரம் பேரிடம் செய்யுங்கள். அவர்களில் 700 பேருக்கு நோய் உள்ளே இருந்தால் 630 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். வீண் பாசிட்டிவ் வெறும் பதினைந்து. பரிசோதனை அதேதான், ஆள்தான் வேறு. 'தொண்ணூறு சதவீதம் துல்லியம்' என்று விளம்பரம் பார்த்தால், யாரிடம் செய்து பார்த்த தொண்ணூறு என்று கேளுங்கள்.

முதுகில் ஊசி வேண்டாம். தோலில் பார்க்க முடியுமாமே?

முடியும். கழுத்தின் பின்புறம், தொடை, கணுக்காலுக்கு மேல் என்று மூன்று இடங்களில் மூன்று மில்லிமீட்டர் தோலை மரத்துப்போகச் செய்து எடுத்து, அதில் உள்ள நுண் நரம்புகளில் பாஸ்பேட் ஏறிய (அதாவது கோளாறான வடிவத்தில் உள்ள) ஆல்ஃபா சைநியூக்ளின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 428 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வு 2024-இல் வெளியானது. பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 93 சதவீதம் பேருக்கும், நோயில்லாதவர்களில் 3 சதவீதம் பேருக்கும் பாசிட்டிவ். அமெரிக்காவில் இது விற்பனைக்கே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்கள். நாளைக்கு யாருக்கு வரும் என்று சொல்லும் திறனை அந்த எண்கள் காட்டவில்லை.

ரத்தப் பரிசோதனை?

எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள் ரத்தத்திலிருந்தே தவறாக மடிந்த புரதத்தைப் பிரித்தெடுத்துப் பெருக்கிக் காட்டினார்கள். 2023-இல் வெளியான வேலை. மறு வருடம் லண்டனிலும் ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் உள்ள ஆய்வாளர்கள், ரத்தத்தில் எட்டுப் புரதங்களின் அளவை வைத்துக் கணினியைப் பழக்கினார்கள். ஆர்.பி.டி. உள்ள 72 பேரில் 79 சதவீதம் பேரின் ரத்தம் பார்க்கின்சன் நோயாளியின் ரத்தத்தைப் போலிருந்தது. அவர்களில் 16 பேருக்குப் பிற்பாடு நோய் வந்தது. சிலருக்கு ஏழு வருடம் முன்பே கணித்திருந்தார்கள். நம்பிக்கை தரும் தொடக்கம். ஆனால் 72 பேர் என்பது சின்னக் கூட்டம். தெருமுனை லேபில் நீங்கள் கொடுக்கும் ரத்தத்தில் பார்க்கின்சனைக் கணித்துச் சொல்வதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்கேன் எடுத்தால் தெரியாதா?

எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். வேறு நோய் இல்லை என்று காட்டத்தான் அது. டோபமைன் நுனிகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று காட்டுவது கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன். அமெரிக்காவில் டாட்ஸ்கேன் என்பார்கள். இந்தியாவில் ட்ரோடாட் ஸ்கேனும் எஃப்-டோபா பெட் ஸ்கேனும் பெரிய நகரங்களில் கிடைக்கின்றன. இது நடுக்கம் வந்த பிறகு, சாதாரண நடுக்கமா பார்க்கின்சனா என்ற சந்தேகத்தைத் தீர்க்க உதவும். ஆர்.பி.டி. உள்ளவருக்கு இந்த ஸ்கேன் மாறியிருந்தால் நோய் நெருங்கிவிட்டது என்று பொருள். தொந்தரவே இல்லாதவர் பார்த்து வைத்துக்கொள்ளும் ஸ்கேன் அல்ல.

மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின், தமக்கு எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் இருப்பதை 2008-இல் தாமே வெளியில் சொன்னார். அவருடைய அம்மாவுக்குப் பார்க்கின்சன். இந்த மாற்றம் அஷ்கனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க பெர்பர் மக்களிடமும் அதிகம். இந்தியர்களிடம் மிக அரிது. மாற்றம் இருந்தாலே நோய் வந்துவிடும் என்றும் இல்லை. ஜி.பி.ஏ.1 மரபணு மாற்றம் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் எச்சில் வாங்கிப் பார்க்கும் பட்டியல் ஐரோப்பிய வம்சத்தாரை வைத்துச் செய்தது என்பதால், அதில் 'மாற்றம் இல்லை' என்று வந்தால் நமக்கு அது பெரிதாக எதையும் சொல்வதில்லை.

நம்மிடம் கவனிக்க வேண்டியது வேறு. பார்க்கின், பிங்க்1 என்ற மரபணுக்களில் அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று என்று இரண்டு பிரதிகளும் பழுதானால் இள வயதிலேயே பார்க்கின்சன் வரும். அக்கா மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுதல். அப்படி ஒருவருக்கு வந்திருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பழுதும் இருக்கக் கால் பங்கு வாய்ப்பு. இந்த மாதிரி வீடுகளில் மரபணுப் பரிசோதனைக்கு நிஜமான பயன் உண்டு. ஆனால் முதலில் நோய் வந்தவரைத்தான் பரிசோதிக்க வேண்டும். அவரிடம் எந்தப் பழுது என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதைத் தேட முடியும். மரபணு ஆலோசகரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம். பார்க்கின் வகையில் லூயி உருண்டைகள் பெரும்பாலும் இருப்பதில்லை, ஆகவே எஸ்.ஏ.ஏ. அங்கே உதவாது.

யாரோ ஒருவர் முகர்ந்தே கண்டுபிடித்தாராமே?

ஸ்காட்லாந்தின் பெர்த் ஊரைச் சேர்ந்த முன்னாள் நர்ஸ் ஜாய் மில்ன். கணவரின் உடல் வாடை மாறியதை, அவருக்கு நோய் தெரிவதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்பே உணர்ந்தவர். எடின்பரோவில் டி-சர்ட்டுகளைக் கொடுத்துச் சோதித்தபோது, நோயில்லாத ஒருவரின் சட்டையையும் 'இவருக்கும் உண்டு' என்று பிரித்து வைத்தார். சில மாதங்களில் அந்த ஆளுக்கும் பார்க்கின்சன் என்று தெரியவந்தது! தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில்தான் அந்த வாடை என்று கண்டு, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதிலுள்ள வேதிப்பொருட்களை ஆராய்கிறார்கள். கையில் ஒரு வாரம் கட்டிய அசைவுமானியின் பதிவை வைத்து ஏழு வருடம் முன்பே கணிக்கலாம் என்று கார்டிஃப் குழுவொன்று 2023-இல் காட்டியது. உங்கள் ஸ்மார்ட் வாட்ச் இப்போதைக்கு அதைச் செய்யாது.

முன்கூட்டியே தெரிந்தால் நோயைத் தடுக்க முடியுமா?

இன்றைய தேதியில் தடுக்கும் மருந்து இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாப் பதில்களும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஆல்ஃபா சைநியூக்ளினைத் துடைக்க வந்த சினபனெமாப் என்ற எதிர்ப்புரத மருந்து தோற்றதாக 2021-இல் அறிவித்தார்கள். சர்க்கரை நோய் மருந்துகளில் லிக்சிசெனடைட் 2024-இல் பிரான்ஸில் 156 நோயாளிகளிடம் சற்றே நல்ல பலன் காட்டியது. அதே குடும்பத்து எக்செனடைட் 2025-இல் பிரிட்டனின் பெரிய சோதனையில் பலன் தரவில்லை. இவை எல்லாம் நோய் வந்தவர்களிடம் செய்தவை. செல்கள் பாதி போன பிறகு கொடுத்ததால்தான் தோற்றனவோ என்று சந்தேகிக்கிறார்கள். இனி அறிகுறிக்கு முன்பே கொடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க பயோமார்க்கர் வேண்டும். இந்தப் பரிசோதனைகளின் இப்போதைய வேலை இதுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2024-இல் எஸ்.ஏ.ஏ.வை மருந்துச் சோதனைகளில் பயன்படுத்தச் சொல்லி ஆதரவுக் கடிதம் கொடுத்தது.

உடற்பயிற்சிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து இன்னும் தொடங்காத ஆரம்ப கட்ட நோயாளிகள் வாரம் சில நாள் மூச்சு வாங்கும் வேகத்தில் டிரெட்மில்லில் நடந்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களுடைய அசைவு மதிப்பெண் ஏறக்குறைய மாறாமல் நின்றது. பயிற்சி இல்லாதவர்களுக்கு மோசமானது. இதைச் செய்ய எந்தப் பரிசோதனை முடிவும் தேவையில்லை.

பூனைக்காலி விதைப்பொடி சாப்பிட்டால் வராமல் தடுக்குமா?

தடுக்காது. பூனைக்காலியில் லெவோடோபா இருப்பது உண்மை. நோய் வந்தவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் அதுதான் இருக்கிறது. அது குறையும் டோபமைனை ஈடுகட்டும், செல் சாவதை நிறுத்தாது. பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவும் மாறும். குமட்டல், ரத்த அழுத்தம் இறங்குவது, குழப்பம் எல்லாம் வரலாம்.

முடிவு தெரிந்தால் வீட்டில் சொல்ல வேண்டுமா?

எடுக்கும் முன்பே யோசிக்க வேண்டிய கேள்வி. ஆய்வுகளில் சேர்பவர்களிடம், முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று தனியாகக் கேட்கிறார்கள்; வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. நம் வீடுகளில் ஒருவருடைய ரிப்போர்ட் குடும்பம் முழுவதன் ரிப்போர்ட் ஆகிவிடுகிறது. மரபணு முடிவு என்றால் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரை போகும். காப்பீட்டுப் படிவத்தில் 'செய்த பரிசோதனைகள்' என்ற கட்டத்தை நிரப்பும்போதும் இது முன்னால் வந்து நிற்கும். பாசிட்டிவ் என்று தெரிந்தால் நாளைக்கு எதை மாற்றிச் செய்வேன் என்பதற்குத் தெளிவான பதில் இருப்பவர்கள் உண்டு. வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்புவது, சொத்து ஏற்பாடு, மருந்துச் சோதனையில் சேர்வது என்று. அப்படி ஒரு பதில் இல்லாதவர் எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

சரி, எனக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

நியூரோ டாக்டரிடம், முடிந்தால் அசைவுக் கோளாறுகளில் தனிப் பயிற்சி பெற்றவரிடம். போகும்போது தூக்கத்தில் உதைப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள். டாக்டருக்கு வேண்டிய பாதித் தகவல் அவரிடம்தான் இருக்கும். பழைய கையெழுத்தும் இப்போதைய கையெழுத்தும் இருந்தால் எடுத்துப் போகலாம், எழுத்து சிறுத்துப்போவது ஆரம்ப அடையாளங்களில் ஒன்று.

அப்புறம் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு கொண்டுபோங்கள். தலைசுற்றலுக்கு சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளூனாரிசின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட், வயிற்று எரிச்சலுக்கு அமில மாத்திரையோடு சேர்த்து வரும் லெவோசல்பிரைட் ஆகிய எல்லாமே பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் மந்தத்தையும் உண்டாக்கக்கூடியவை. நம் ஊரில் இவற்றை மாதக்கணக்கில் விழுங்கும் பெரியவர்கள் ஏராளம். காரணம் அந்த மாத்திரைதான் என்றால், டாக்டர் சொல்லி நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகிவிடும். விலை உயர்ந்த எந்த பயோமார்க்கரையும் தேடும் முன் அந்த அட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.